ஊரை விட்டுப் போகும் நண்பனோடு தூவானம் அருவிக்கு: வார இறுதி நடைக்கு முழுமையான வழிகாட்டி

உடுமலையிலிருந்து மூணாறு போகிற சாலையில் சின்னாறு செக்போஸ்டைத் தாண்டினால், மறையூர் வருவதற்கு முன்பே ஆலாம்பெட்டி வந்துவிடும். அங்கிருந்து கேரள வனத்துறை வழிகாட்டியோடு காட்டுக்குள் இறங்கினால் பாம்பாற்றில் விழுகிற தூவானம் அருவி வரை போய்த் திரும்பலாம். அரை நாள் வேலைதான். வெளிநாட்டுக்கோ வெளி மாநிலத்துக்கோ கிளம்பப் போகிற நண்பனோடு கடைசியாக ஒரு முறை எங்காவது போகலாம் என்று உடுமலை, பொள்ளாச்சி, தாராபுரம் பக்கம் யார் கேட்டாலும் நான் இந்த நடையைத்தான் சொல்வேன். தூரம் குறைவு, உடம்பு ரொம்பக் களைக்காது, அதனால் பேசுவதற்கு நேரம் மிஞ்சும். இந்த மாதிரிப் பயணத்துக்கு முக்கியமே அதுதான்.

ஆனால் வரிசை மாறினால் எல்லாம் கெட்டுப்போகும். அறையை முதலில் போட்டுவிட்டு அனுமதி கேட்கப் போகிறவர்கள், ஒரே நாளில் நாலு இடம் பார்க்கத் திட்டம் போடுகிறவர்கள், கிளம்புகிறவனையே வண்டி ஓட்ட வைக்கிறவர்கள் என்று நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன். கீழே இருக்கிற வரிசையிலேயே செய்யுங்கள்.

1. முதலில் தேதி, அதுவும் கடைசி வாரம் வேண்டாம்

விமானத்துக்கோ ரயிலுக்கோ முந்தைய வார இறுதியில் யாரும் மலைக்குப் போகக் கூடாது. அந்த வாரம் அவன் உங்களுடையவனே இல்லை. மாமா வீடு, சித்தி வீடு, குலதெய்வம் கோயில், பேங்க், துணி தைக்கக் கொடுத்தது, பெட்டி எடை பார்ப்பது என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும். உங்களோடு வந்தாலும் பாதி நேரம் போனில்தான் இருப்பான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பாறையில் கால் பிசகினால் வீக்கம் வடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். வீங்கிய காலோடு பெட்டியைத் தள்ளிக்கொண்டு விமான நிலையத்தில் நிற்க வைப்பது கொடுமை. அதனால் கிளம்பும் நாளுக்கு இரண்டு அல்லது மூன்று வாரம் முன்னால் இருக்கிற சனி ஞாயிறைப் பிடியுங்கள். முடிந்தால் சனிக்கிழமை காலையில் நடை, ஞாயிறு மதியம் அவன் வீட்டில் இருக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மகன் போகப் போகிறான் என்று அம்மா ஒவ்வொரு நாளையும் எண்ணிக்கொண்டிருக்கும் நேரம் அது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை அவர்களிடமிருந்து பறிக்காதீர்கள்.

தேதியை அவனிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். திடீரென்று வந்து நின்று ஆச்சரியப்படுத்தலாம் என்ற எண்ணமே வேண்டாம். அடையாள அட்டை விவரம் இல்லாமல் அனுமதி வாங்க முடியாது, அந்த வாரத்தில் அவனுக்கு என்னென்ன வேலை இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியாது.

2. மாதத்தைப் பார்த்து எதிர்பார்ப்பை வைத்துக்கொள்ளுங்கள்

மூணாறு என்றாலே மழை என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். சின்னாறு மழை மறைவுப் பகுதி. ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழைதான், அதிலும் பெரும்பகுதி அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையில் பெய்வது. சாலையோரம் முள்காடும் கள்ளியும் பாறையுமாகத்தான் இருக்கும், மதிய வெயில் தலையைப் பிளக்கும்.

தண்ணீர் வருவது மேலிருந்து. பாம்பாறு ஆனைமுடிச் சரிவுகளில் பிறந்து மறையூர்ப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி, கூட்டாற்றில் சின்னாற்றோடு சேர்ந்து அமராவதியாகிறது. அதனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே தூறல்கூட இல்லாதபோதும் மேலே தென்மேற்குப் பருவமழை கொட்டி, அருவியில் தண்ணீர் பெருகி வரலாம். பார்ப்பதற்கு அழகுதான், பக்கத்தில் போகத்தான் முடியாது. செப்டம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை நல்ல காலம், இடையில் கனமழை எச்சரிக்கை வருகிற நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

பிப்ரவரிக்குப் பிறகு காடு காய்ந்துவிடும். காட்டுத்தீ பயத்தில் நடைபாதைகளை மூடுவார்கள். 2018 மார்ச்சில் போடி குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் அத்தனை பேர் உயிரிழந்த பிறகும், மூடியிருக்கும் பாதையில் ஆளைப் பிடித்து உள்ளே போகலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்கவே கேட்காதீர்கள். நண்பன் மார்ச்சில்தான் கிளம்புகிறான் என்றால் மறையூருக்கு மேலே இருக்கும் காந்தளூரில் ஒரு வீடெடுத்துத் தோட்டங்களுக்கு நடுவே நடந்துவிட்டு வாருங்கள், அதுவும் நல்ல நாள்தான். ராஜமலை வரையாடு பார்க்கலாம் என்று சேர்த்துத் திட்டம் போடுகிறவர்களுக்கு: குட்டி ஈனும் காலம் என்று பிப்ரவரி, மார்ச் வாக்கில் ராஜமலை இருக்கும் இரவிகுளம் தேசியப் பூங்காவையும் மூடிவிடுவார்கள்.

3. ஒரு வண்டிக்குள் அடங்குகிற ஆட்கள்

ஐந்து பேர், மிஞ்சினால் ஆறு. இரண்டு வண்டி ஆனதும் கூட்டம் இரண்டாகிவிடும். முன் வண்டியில் ஒரு பேச்சு, பின் வண்டியில் ஒரு பேச்சு, கிளம்புகிறவன் எந்த வண்டியில் என்று ஒரு மனக்கசப்பு. காட்டுக்குள்ளும் இதே கதைதான். ஒற்றை வரிசையில் பத்துப் பேர் போனால் முன்னால் வழிகாட்டி கையைத் தூக்கி நிறுத்துவது கடைசி ஆளுக்குத் தெரியாது.

யாரைக் கூப்பிடுவது என்பதை அவனே சொல்லட்டும். ஆபீஸ் நண்பர்கள், பள்ளி நண்பர்கள், கிரிக்கெட் கூட்டம் எல்லோரையும் ஒன்றாகக் கலந்தால் அவன் நாள் முழுக்க ஒருவரை இன்னொருவருக்கு அறிமுகப்படுத்திக்கொண்டே இருப்பான். மற்றவர்களுக்கு ஊரில் ஒரு மாலை பிரியாணி போதும்.

முழங்கால் வலி, ஆஸ்துமா, உயரம் பார்த்தால் தலைசுற்றல் இருக்கிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இந்த நடையில் போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். சுலபமாக இருக்கிறதே என்று வேகமாக இறங்குகிறவர்கள் பத்து பதினோரு மணி வெயிலில் மேலே ஏறும்போதுதான் மூச்சு வாங்கி நிற்பார்கள்.

4. அனுமதி கையில் வந்த பிறகுதான் அறை

சின்னாறு வனவிலங்கு சரணாலயம் மூணாறு வனவிலங்குக் கோட்டத்தின் கீழ் வருகிறது. வழிகாட்டி இல்லாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடு உண்டு, நீண்ட விடுமுறை வார இறுதிகளில் சீக்கிரம் முடிந்துவிடும். அதனால் தேதி முடிவானதும் வனத்துறையிடம் பதிவு செய்யுங்கள். இரண்டு நாள் முன்பு போன் போட்டு, பாதை திறந்திருக்கிறதா, தண்ணீர் எப்படி, காலையில் எத்தனை மணிக்கு வந்து நிற்க வேண்டும் என்று மறுபடியும் கேட்டுக்கொள்ளுங்கள். யானை நடமாட்டம், மழை என்று எந்த நாளும் நிறுத்தலாம், அதற்காகச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

காலையில் முதல் நேரத்தையே கேளுங்கள். வெயில் ஏறுவதற்குள் மேலே வந்துவிடலாம், விலங்குகளைப் பார்க்கவும் அதுதான் நேரம்.

எல்லோரும் ஆதார் எடுத்து வர வேண்டும். கிளம்புகிறவன் அடையாளத்துக்கு என்று பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்துவிடுவான், ஏனென்றால் அந்த நாட்களில் அதுதான் எப்போதும் அவன் பையிலேயே இருக்கும். கிளம்பும்போதே பையைப் பார்த்து எடுத்து வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். விசா ஒட்டின பாஸ்போர்ட் ஆற்றில் நனைந்தால் அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

5. முந்தைய நாள் மாலையே மறையூரில் இருங்கள்

விடியற்காலை உடுமலையில் கிளம்பி நேராக நடைக்கு வரலாம்தான். ஆனால் தூக்கம் இல்லாமல் வளைவுகளில் ஓட்டி வந்து உடனே காட்டுக்குள் இறங்குவது நல்லதல்ல. வழியில் ஒன்பதாறு செக்போஸ்டில் தமிழ்நாடு வனத்துறை, சின்னாற்றில் கேரளா என்று இரண்டு இடத்தில் நிற்க வேண்டும். பிளாஸ்டிக், பாட்டில் எல்லாம் பார்ப்பார்கள். மது பாட்டில் வேண்டவே வேண்டாம். முந்தைய இரவு குடித்தவனுக்குக் காலை வெயிலில் நாக்கு வறண்டு தலை வலிக்கும், அவனைத் தூக்கிச் சுமப்பது மற்ற நாலு பேர். பிரிவு விருந்துக்கு வேறு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் உடுமலையைத் தாண்டிவிட்டால் வெளிச்சத்திலேயே மறையூர் சேரலாம். செக்போஸ்டுகளுக்கு இடையில் உள்ள காட்டுச் சாலையில் இருட்டிய பிறகு யானை நிற்கும். பகலிலும் போட்டோ எடுக்க வண்டியை நிறுத்தக் கூடாது. பைக்கில் வருகிறவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். பஸ்ஸில் வருவதானால் உடுமலை பஸ் ஸ்டாண்டிலிருந்து மறையூர், மூணாறு பஸ்கள் உண்டு, எண்ணிக்கை குறைவு, நேரம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

காந்தளூரில் குளிர் நன்றாக இருக்கும் என்று அங்கே அறை போடுகிறவர்கள் அதிகம். காலை நடை இருக்கிற நாளுக்கு அது சரிவராது. அங்கிருந்து மறையூருக்கு இறங்கி, அப்புறம் ஆலாம்பெட்டிக்கு வர வேண்டும். நடை முடிந்த பிறகு இரண்டாம் இரவைக் காந்தளூரில் வைத்துக்கொள்ளலாம்.

6. பையில் என்ன, உடம்பில் என்ன

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், எவர்சில்வர் பாட்டிலில். ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டு. கிரேப் பேண்டேஜ் ஒன்று, கத்தரி, பஞ்சு, டெட்டால். சின்ன டார்ச். மாற்று உடையும் துண்டும் வண்டியிலேயே இருக்கட்டும், சுமக்க வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் பொடி இட்லியை மிஞ்ச எதுவும் இல்லை. இட்லியை ஆறவிட்டு, இரண்டு பக்கமும் நல்லெண்ணெயில் குழைத்த பொடியைத் தடவி, வாட்டிய வாழை இலையில் நாலு நாலாக மடித்து நூலால் கட்டிவிடுங்கள். சட்னி சாம்பார் எதுவும் தேவையில்லை, கெட்டுப்போகாது, கை கழுவ ஒரு குவளைத் தண்ணீர் போதும். சூடாகவே கட்டினால் வியர்த்து நசநசவென்று ஆகிவிடும், ஆறவிடச் சொல்வது அதற்குத்தான். இதைக்கூட நடை முடிந்து மேலே வந்த பிறகு பிரிப்பதுதான் நல்லது. காட்டுக்குள் சாப்பாட்டுப் பையைத் திறந்தால் குரங்கு வந்துவிடும், குரங்குக்குப் போட்டால் அடுத்து வருகிறவர்கள் பையை அது பிடுங்கும். நடக்கும்போது இடையில் பசித்தால் பேரீச்சம்பழமும் கடலைமிட்டாயும் சட்டைப் பையில் போதும்.

உடையில் பச்சை, காக்கி, பழுப்பு மாதிரி மங்கலான நிறங்கள். நண்பனின் பெயரைப் போட்டு ஒரே மாதிரி மஞ்சள் பனியன் அடித்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. ஆசை புரிகிறது, அதை மாலையில் போட்டுக்கொள்ளுங்கள். காட்டுக்குள் அது தூரத்திலிருந்தே விலங்கை விரட்டும். சென்ட்டும் வேண்டாம். முழுக்கால் பேண்ட் கட்டாயம், ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், உரசும். மூணாறு வீடியோக்களைப் பார்த்துவிட்டு அட்டைக்கு உப்பும் புகையிலையும் கட்டிக்கொண்டு வருவார்கள். இந்தக் காய்ந்த காட்டில் அதிகம் தொல்லை கொடுப்பது முள்ளும் உண்ணியும். நீளமான சாக்ஸ் போட்டு பேண்ட்டை உள்ளே சொருகிவிடுங்கள், திரும்பி வந்ததும் முழங்காலுக்குப் பின்புறமும் இடுப்பிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஷூ புதிதாக இருக்கக் கூடாது. போகிற நாட்டுக்கென்று வாங்கி வைத்த ஷூவை முதல் தடவையாக இங்கே போட்டுக்கொண்டு வந்து குதிகால் கொப்பளித்து நிற்பதை நிறையப் பார்க்கலாம். குறைந்தது இரண்டு வாரம் போட்டு நடந்த ஷூ, அடியில் பிடிமானம் தேயாதது.

7. காட்டுக்குள்: வழிகாட்டி சொல்வதுதான் சட்டம்

வழிகாட்டிகள் பெரும்பாலும் பக்கத்துப் பழங்குடிக் குடியிருப்புகளைச் சேர்ந்த முதுவர், புலையர் சமூகத்தவர்கள். தமிழ் நன்றாகவே பேசுவார்கள். “அண்ணா, வணக்கம்” என்று தொடங்கி, பெயர் கேட்டு, இன்றைக்கு எப்படிப் போகிறோம், எங்கே பேசலாம், எங்கே பேசக்கூடாது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஐந்து நிமிடம்தான் ஆகும். கேட்காத கூட்டம் பேசிக்கொண்டே போகும், அவரும் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவார். அப்புறம் உங்களுக்கு மான்கூடக் கண்ணில் படாது.

வரிசை முக்கியம். முன்னால் வழிகாட்டி, அவருக்குப் பின்னால் கூட்டத்தில் மெதுவாக நடக்கிறவர், கடைசியில் நன்றாக நடக்கிறவர். இப்படி வைத்தால் யாரும் பின்தங்க முடியாது. கிளம்புகிற நண்பனை மட்டும் வழிகாட்டிக்கும் மெதுவாக நடக்கிறவருக்கும் நடுவில் விடுவது என் வழக்கம். வழிகாட்டி தாழ்ந்த குரலில் காட்டுவதெல்லாம் முதலில் அவனுக்குத்தான் கிடைக்கும்: மரத்தில் யானை உடம்பைத் தேய்த்த மண் தடம், ஆற்றோர மரக்கிளைகளில் தாவுகிற நரை அணில், இலைச்சருகுக்குள் அசையாமல் கிடக்கும் நட்சத்திர ஆமை.

அவர் கையை உயர்த்தினால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். யானையோ காட்டெருமையோ ஆற்றுக்குத் தண்ணீர் குடிக்க இறங்கும் தடமும் நீங்கள் போகும் தடமும் பல இடங்களில் ஒன்றுதான். ஓடக் கூடாது, செல்போனைத் தூக்கக் கூடாது, “எங்கே எங்கே” என்று கேட்கக் கூடாது. அவர் திரும்பச் சொன்னால் திரும்ப வேண்டும், அருவி நூறடியில் இருந்தாலும் சரி.

கீழே கிடக்கிற மரத்துண்டு எதையும் ஞாபகத்துக்கென்று எடுக்காதீர்கள். மறையூர் சந்தனக் காடு பக்கத்தில், செக்போஸ்டில் கேள்வி வரும்.

8. அருவியில் முதல் பத்து நிமிடம் தண்ணீரைத் தொடாதீர்கள்

போய்ச் சேர்ந்ததும் சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடுவதுதான் எல்லோரும் செய்வது. உட்காருங்கள். வியர்வை அடங்கட்டும். ஈரக் கையோடும் ஈரத்தலையோடும் எடுத்தது வேண்டாம் என்றால், எல்லோரும் சேர்ந்து எடுக்கிற போட்டோவை இப்போதே எடுத்துவிடுங்கள், வழிகாட்டியையும் கூப்பிட்டு நிறுத்தி. அப்புறம் போன்களையெல்லாம் ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுங்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் தண்ணீரைப் பாருங்கள். நிறம் என்ன, கரையில் ஈரக்கோடு எவ்வளவு மேலே இருக்கிறது, எந்தப் பாறையில் பாசி கறுப்பாகப் படிந்திருக்கிறது. குளிக்கலாமா, காலை நனைத்துக்கொண்டு உட்கார மட்டும்தானா என்பதை வழிகாட்டி சொல்வார். வேண்டாம் என்றால் வேண்டாம். பாம்பாற்றில் முதலைகள் உண்டு, அமைதியாகத் தேங்கிய தண்ணீர் பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது.

இறங்க அனுமதித்தாலும் ஒருவர் கரையில் மேல்பக்கம் பார்த்து உட்கார வேண்டும், பத்துப் பத்து நிமிடமாக மாற்றிக்கொள்ளுங்கள். தெளிந்த தண்ணீர் கலங்கத் தொடங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் கனத்தால், கேள்வி கேட்காமல் எல்லோரும் ஏறிவிட வேண்டும். 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனதை மறந்திருக்க மாட்டீர்கள். மேலே மலையில் பெய்த மழை கீழே நிற்பவர்களுக்குத் தெரியாது. இங்கே நிலைமை இன்னும் மோசம், மழையே பெய்யாத இடத்தில் நின்றுகொண்டு மேலே மழை பெய்யும் ஆற்றில் குளிக்கிறீர்கள்.

பாறை மேல் நின்று குதிப்பது, அருவிக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுப்பது இரண்டும் கிடையாது. பாசிப் பாறையைக் கடக்க வேண்டுமானால் குனிந்து கையை ஊன்றிக் கடக்க வேண்டும், நிமிர்ந்து நடந்தால் விழுவது உறுதி.

9. பேச விடுங்கள், விழா வேண்டாம்

அங்கே கேக் வெட்டுவது, ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவது, ஆளுக்கொரு வார்த்தை பேசச் சொல்லி வீடியோ எடுப்பது எதுவும் வேண்டாம். காட்டுக்கு ஆகாது என்பது ஒன்று. இன்னொன்று, கேமரா வந்ததும் எல்லோரும் மேடைப் பேச்சுப் பேசத் தொடங்கிவிடுவார்கள், சொல்ல வந்தது உள்ளேயே நின்றுவிடும்.

தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்தால் போதும். அருவிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பேசுவது மட்டும்தான் கேட்கும், அதனாலேயே பேசுவார்கள். “மாப்ள, அப்பாவைக் கொஞ்சம் பார்த்துக்கடா” என்ற ஒரு வரி அந்த இடத்தில்தான் வெளியே வரும். வந்தால், சரிடா என்று சொல்லிவிட்டு, அப்பாவின் மருந்துச் சீட்டு எங்கே, எந்த டாக்டர், எந்த மாதம் செக்கப் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய பரிசு நீங்கள் எதுவும் கொடுக்க முடியாது. எல்லோரிடமும் அவன் தனியாகக் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். யாராவது ஒருவர் முழு நேரத்தையும் பிடித்துக்கொண்டால் மற்றவர்கள் நாசூக்காக இடம் மாறி உட்காருங்கள்.

10. பரிசு வாங்குவதாக இருந்தால்

எடை பார்த்து வாங்குங்கள். பெட்டிக்கு இத்தனை கிலோதான் என்று கணக்கு இருக்கும், அதை ஏற்கெனவே அம்மா கொடுக்கும் ஊறுகாயும் பருப்புப்பொடியும் நிறைத்திருக்கும். மறையூரில் கரும்பு ஆலைகளில் சாறு காய்ச்சிக் கையால் பிடிக்கிற உருண்டை வெல்லம் கிடைக்கும், 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய வெல்லம். கொப்பரையில் பாகு பதம் வந்து மரத் தொட்டியில் ஊற்றி, சூடு தாங்கும்வரை ஆறவிட்டு, இரண்டு கையாலும் உருட்டிப் போடுவார்கள், விரல் பதிந்த தடம் உருண்டையிலேயே இருக்கும். கறுத்த பழுப்பு நிறத்தில் இருப்பதை வாங்குங்கள், பளிச்சென்ற மஞ்சள் வேண்டாம். போகிற நாட்டில் வீட்டுத் தின்பண்டத்தை அனுமதிப்பார்களா என்று பார்த்துவிட்டு அவனுக்கு அரைக்கிலோ போதும், மீதி அவன் வீட்டுக்கு.

11. திரும்பும் வழி

மேலே வந்ததும் முதலில் தண்ணீர், அப்புறம் இட்லி, அப்புறம் உடை மாற்றுவது. அலுப்பில் வரிசையை மாற்றி ஈர உடையோடு வண்டியில் ஏறினால் மாலைக்குள் தொடை புண்ணாகிவிடும். வழிகாட்டிக்குக் கையில் ஏதாவது கொடுங்கள், அவர் நிறுத்திய இடங்களில் எதைப் பார்த்து நிறுத்தினார் என்றும் கேளுங்கள், நடக்கும்போது சொல்லாததெல்லாம் இப்போது சொல்வார்.

வண்டி ஓட்டுகிறவர் ஒரு மணி நேரமாவது படுத்து எழ வேண்டும். கிளம்புகிறவன் கையில் சாவியைக் கொடுக்காதீர்கள். உடுமலைக்குத் திரும்புவதானால் மூன்று மணிக்குள் மறையூரை விட்டால்தான் இரண்டு செக்போஸ்டையும் வெளிச்சத்தில் தாண்டலாம்.

செலவுக் கணக்கை அன்று இரவே முடித்துவிடுங்கள், கிளம்புகிறவனைக் கணக்கில் சேர்க்காமல். அவனும் கொடுக்கத்தான் செய்வேன் என்று நின்றால் அங்கேயே ஜிபேயில் வாங்கிக்கொள்ளுங்கள். போன பிறகு இந்த சிம் வேலை செய்யாமல் போகலாம். போட்டோக்களையும் அன்றைக்கே எல்லோர் போனிலிருந்தும் ஒரே இடத்தில் ஏற்றிவிடுங்கள். அப்புறம் அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், உட்கார வைத்து அப்போதே அனுப்பச் சொல்லுங்கள்.